அஸ்வத் தாமோதரன்: மதிப்பும் விலையும்

அஸ்வத் தாமோதரன் (பிறப்பு: 1957) நிதியியல் பேராசிரியர், நூலாசிரியர். நிறுவனங்களின் மதிப்பைக் கணக்கிடும் துறையில் பல நாடுகளில் பாடநூல்களாக உள்ள நூல்களை எழுதியவர். சென்னையில் பட்டம் பெற்று, 1986 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகவியல் பள்ளியில் கற்பித்துவருகிறார். தன் வகுப்புகளையும் கணக்குத்தாள்களையும் தரவுகளையும் கட்டணமின்றிப் பொதுவில் வைத்திருப்பவர். இந்தியச் செய்தித்தாள்களில் அவர் பெயர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பங்குக்கு அவர் சொன்ன எண்ணை ஒட்டியே இடம்பெறுகிறது. அந்த எண் பலித்தால் தீர்க்கதரிசி என்றும், பலிக்காவிட்டால் ஏட்டுச்சுரைக்காய் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் அவரைத் தவறாகப் படிப்பதே.

கல்வி

அஸ்வத் தாமோதரன் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றார். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தில் 1979-ல் மேலாண்மைப் படிப்பை முடித்தார். பின்னர் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் எம்.பி.ஏ. பட்டமும் 1985-ல் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஆசிரியப்பணி

1984 முதல் 1986 வரை பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வருகைதரு விரிவுரையாளராக இருந்தார். 1986-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேறு எங்கும் மாறவில்லை. நிறுவன நிதி மேலாண்மை, மதிப்பீடு என்னும் இரண்டு பாடங்களையே நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடத்திவருகிறார். ஒரே பாடத்தை நாற்பது முறை நடத்துபவர் ஒன்று சலித்துப்போவார், அல்லது அந்தப் பாடத்தின் ஒவ்வொரு மூட்டையும் அவிழ்த்துப் பார்த்துவிடுவார். தாமோதரன் இரண்டாம் வகை.

ஆய்வாளராக அவரது இடம் பெரிதல்ல. நாளை வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்ற எண்ணத்தை இர்விங் ஃபிஷர் போன்ற பொருளியலாளர்கள் முன்பே விளக்கியிருந்தார்கள். ஒரு பங்கின் மதிப்பு அது தன் ஆயுளில் தரக்கூடிய பணத்தின் இன்றைய மதிப்பே என்று ஜான் பர் வில்லியம்ஸ் 1938-ல் ஒரு நூலாகவே எழுதினார். மோடிகிளியானி, மில்லர் ஆகியோரின் ஆய்வுகளும், 1964-ல் வில்லியம் ஷார்ப் வெளியிட்ட இடர்க் கோட்பாடும் இத்துறையின் அடித்தளங்கள். இவற்றோடு வைத்துச் சொல்லத்தக்க புதிய கோட்பாடு எதையும் தாமோதரன் உருவாக்கவில்லை.

அவர் செய்தது வேறு. தமிழ் மரபில் அதற்குப் பொருத்தமான பெயர் உண்டு: உரையாசிரியர். இலக்கணமோ குறளோ செய்தவர் இளம்பூரணரோ பரிமேலழகரோ அல்லர். ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த நூல்களுக்குள் நுழைவது பெரும்பாலானோருக்கு எளிதல்ல. சிதறிக் கிடந்த நிதிக் கோட்பாடுகளைத் தொகுத்து, ஒன்றோடொன்று எங்கே இணைகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று காட்டி, ஒவ்வொன்றுக்கும் நடப்பிலுள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்தவர் தாமோதரன். நல்ல உரையாசிரியரைப் போலவே, மூலநூலார் நழுவிச் சென்ற இடங்களிலெல்லாம் நின்று விளக்கம் சொல்கிறார். நட்டத்தில் ஓடும் நிறுவனத்தை எப்படிக் கணக்கிடுவது? நேற்று தொடங்கிய நிறுவனத்துக்கு எந்தக் கடந்தகாலத்தைப் பார்ப்பது? கோட்பாட்டு நூல்கள் தொடாமல் விட்ட இந்தக் கேள்விகளுக்காகவே 2001-ல் 'தி டார்க் சைட் ஆஃப் வேல்யுவேஷன்' என்ற நூலை எழுதினார்.

ஒரு சிற்பக்கூடத்தின் கணக்கு

தாமோதரனின் முறையைச் சூத்திரமாகப் படித்தால் மாணவர்கள் மிரள்கிறார்கள். தெரிந்த தொழில் ஒன்றில் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு கடினமல்ல.

குமரி மாவட்டத்தில் மயிலாடி கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு சிற்பக்கூடம் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கற்பனையானவை. கல், கூலி, மின்சாரம், உரிமையாளரின் உழைப்புக்கான சம்பளம் எல்லாம் போக ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. கோயில் திருப்பணிகளை நம்பிய தொழில் என்பதால் வரவு நிச்சயமல்ல. ஆகவே வாங்குபவர் தன் முதலுக்கு ஆண்டுக்கு 15 சதவீதமாவது எதிர்பார்க்கிறார். இந்த வரவு கூடாமல் குறையாமல் நீடிக்குமானால் 6 லட்சத்தை 0.15-ஆல் வகுக்க வேண்டும். கூடத்தின் மதிப்பு 40 லட்சம்.

விற்பவர் சொல்கிறார்: "வெளிநாட்டுக் கோயில்களிலிருந்தும் ஆர்டர் வருது. வருசத்துக்கு அஞ்சு சதவீதம் கூடிக்கிட்டே போகும்." அப்படியானால் 15-லிருந்து 5-ஐக் கழித்து, 0.10-ஆல் வகுக்க வேண்டும். மதிப்பு 60 லட்சமாகிறது. அவர் 9 சதவீதம் கூடும் என்று சொன்னால் மதிப்பு ஒரு கோடி. உளியும் கல்லும் ஆளும் அப்படியே இருக்க, ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் 40 லட்சம் ஒரு கோடியாகிவிட்டது. மதிப்பீட்டு அறிக்கைகளில் ஏமாற்று நடக்கும் இடம் இதுதான்.

இங்கே தாமோதரன் இரண்டு தடைகளை வைக்கிறார். முதலாவது, எந்தத் தொழிலும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றைக்கும் வளர முடியாது. அப்படி வளர்ந்தால் ஒருநாள் நாடு முழுவதுமே அந்தத் தொழிலாக இருக்கும். ஆகவே நிரந்தர வளர்ச்சி விகிதம் அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியைத் தாண்டக் கூடாது என்பது அவர் விதி. இந்தியாவில் அந்த வட்டி 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது விற்பவரின் 9 சதவீதம் தானாகவே அடிபட்டுப் போகும்.

இரண்டாவது தடை இன்னும் முக்கியமானது. வளர்ச்சி சும்மா வருவதில்லை. ஆர்டர் கூட வேண்டுமென்றால் புதிய கட்டர் வாங்க வேண்டும், கம்பிரசர் வாங்க வேண்டும், கல் இருப்பு வைக்க வேண்டும். 5 சதவீத வளர்ச்சிக்கு ஆண்டுதோறும் 2 லட்சம் ரூபாயைத் தொழிலிலேயே திரும்பப் போட வேண்டியிருக்கிறது என்றும், தொழில் வளர வளர அந்தத் தொகையும் அதே விகிதத்தில் கூடும் என்றும் கொள்வோம். அப்போது முதல் ஆண்டில் கையில் எடுக்கக்கூடியது 4 லட்சம். அதை 0.10-ஆல் வகுத்தால் கிடைப்பது மீண்டும் அதே 40 லட்சம். வளர்ச்சியால் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. போட்ட பணத்துக்குக் கிடைக்கும் ஆதாயமும் வாங்குபவர் எதிர்பார்க்கும் ஆதாயமும் ஒன்றாக இருக்கும்போது இப்படித்தான் நடக்கும். அதே வளர்ச்சிக்கு 3 லட்சம் போட வேண்டியிருந்தால் மதிப்பு 30 லட்சமாகக் குறைகிறது. வளர வளர நட்டம். தாமோதரனின் நூல்களில் மிகவும் பயனுள்ள ஒரே பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது இதுவாகவே இருக்கும். கைப்பேசிச் செயலிகள் வழியாகத் தள்ளுபடி விலையில் விற்று 'வளர்ந்த' பல நிறுவனங்களின் கதை இந்த ஒரு கணக்குக்குள் அடங்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. கூடத்தின் தலைமைச் சிற்பி உரிமையாளரின் அண்ணன். கூடம் கைமாறினால் அவர் வரமாட்டார். ஆர்டர் தருபவர்கள் அவர் கையைப் பார்த்தே வருகிறார்கள். அப்படியானால் வரவு பாதியாகலாம். மதிப்பு 20 லட்சம். இந்தச் செய்தி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. ஊரில் விசாரித்தால்தான் தெரியும். தாமோதரன் 2017-ல் எழுதிய 'நேரேட்டிவ் அண்ட் நம்பர்ஸ்' நூலின் சாரம் இதுவே. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்க வேண்டும், ஒவ்வொரு கதையும் ஓர் எண்ணில் போய் முடிய வேண்டும். எண் மட்டும் தெரிந்தவர் தொழிலைப் பார்ப்பதில்லை. கதை மட்டும் சொல்பவர் கணக்குக்குள் வருவதில்லை.

மதிப்பு வேறு, விலை வேறு

தாமோதரன் ஓயாமல் வலியுறுத்தும் வேறுபாடு இது. நாஞ்சில் நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒருகாலத்தில் இங்கே வயலின் அளவையே விதைப்பாட்டால் சொன்னார்கள். இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விளையும், பாட்டம் இவ்வளவு என்று பேசினால் அது மதிப்பு. நிலம் என்ன தரும் என்பதிலிருந்து அது பிறக்கிறது. இன்று அதே வயலைச் சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். பக்கத்து வயல் சென்ட் என்ன விலைக்குப் போயிற்று, நாற்கரச் சாலை எவ்வளவு தூரம் என்பதே பேச்சு. அது விலை. அதில் நெல்லுக்கு இடமில்லை.

பங்குச்சந்தையில் நடப்பதில் பெரும்பகுதி இந்தச் சென்ட் கணக்குதான் என்கிறார் தாமோதரன். லாபத்தைப் போல இத்தனை மடங்கு, விற்பனையைப் போல இத்தனை மடங்கு என்று பக்கத்து நிறுவனத்தைப் பார்த்து விலை வைப்பதை மதிப்பீடு என்று அழைக்கிறார்கள். அவர் அதைத் தவறென்று சொல்லவில்லை. விலை வைப்பதும் ஒரு வேலைதான். அதை மதிப்பு என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் அவர் ஏற்பதில்லை.

ஊபர் விவாதம்

2014 ஜூனில் முதலீட்டாளர்கள் ஊபர் நிறுவனத்துக்கு 1,700 கோடி டாலர் விலை வைத்தனர். தாமோதரன் அதன் மதிப்பு 590 கோடி டாலர் என்று கணக்கிட்டு, ஒவ்வோர் எண்ணையும் வெளியிட்டார். நகரங்களின் வாடகைக் கார் சந்தை 10,000 கோடி டாலர் என்றும், அதில் பத்தில் ஒரு பங்கை ஊபர் பிடிக்கும் என்றும் கொண்டிருந்தார்.

ஊபரின் முதலீட்டாளர்களில் ஒருவரான பில் கர்லி இதைக் கடுமையாக மறுத்து எழுதினார். கணக்கு பிழையல்ல, சந்தையின் எல்லையைத்தான் தாமோதரன் தவறாக வரைந்திருக்கிறார் என்பது அவர் வாதம். கார் கூப்பிட்டால் உடனே வரும் என்ற நிலை வந்தால், இதுவரை வாடகைக் கார் எடுக்காதவர்களும் எடுப்பார்கள். சிலர் சொந்தக் கார் வாங்குவதையே நிறுத்துவார்கள். பழைய சந்தையின் அளவை வைத்து இதை அளக்க முடியாது என்றார் கர்லி.

கர்லியின் வாதத்தை மறுப்பதோடு தாமோதரன் நின்றுவிடவில்லை. கர்லி சொன்ன கதையை அதே கணக்குத்தாளில் போட்டார். மதிப்பு பல மடங்கு உயர்ந்தது. அந்த எண்ணையும் வெளியிட்டார். 2015 செப்டம்பரில் மீண்டும் கணக்கிட்டபோது அவரது சொந்த எண்ணே சுமார் 2,300 கோடி டாலருக்கு உயர்ந்தது. நகரக் கார் என்ற எல்லையைத் தாண்டி ஊபரின் சந்தையைப் பெரிதாக வரைந்ததே அதற்குக் காரணம்.

2019 மே மாதம் ஊபர் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் விலை சுமார் 8,200 கோடி டாலர். இந்த எண்ணை 590 கோடிக்கு அருகில் வைத்துத் தாமோதரனைச் சிரிக்கலாம். ஆனால் ஊபர் ஆண்டுக் கணக்கில் முதல்முறையாகச் செயல்பாட்டு லாபம் காட்டியது 2023-ல்தான். அதுவரை முதலீட்டாளர்களின் பணத்தைத் தொடர்ந்து எரித்துக்கொண்டிருந்தது. சந்தையின் அளவில் கர்லி சொன்னது சரியாயிற்று. அந்தச் சந்தையைப் பிடிக்க ஆகும் செலவு பற்றிய தாமோதரனின் ஐயமும் பொய்யாகவில்லை. முக்கியமானது இதுதான்: இருவருக்கும் எங்கே கருத்து வேறுபாடு என்பதை மூன்றாவது ஆள் ஒருவர் விரலை வைத்துக் காட்ட முடிகிறது. பங்குத் தரகு நிறுவனங்களின் 'வாங்கலாம்', 'விற்கலாம்' அறிக்கைகளில் இது கைகூடுவது அரிது.

41 ரூபாயும் 2,190 ரூபாயும்

இந்தியாவில் தாமோதரன் வீட்டுப் பெயரானது 2021 ஜூலையில். சொமேட்டோ நிறுவனம் பங்கு ஒன்று 72 முதல் 76 ரூபாய் என்று வெளியீட்டை அறிவித்தபோது, அதன் மதிப்பு 41 ரூபாய் என்றார் அவர். ஜூலை 23 அன்று பங்கு சந்தையில் 115 ரூபாய்க்கு மேல் வணிகமானது. 'பேராசிரியருக்கு இந்தியா புரியவில்லை' என்ற பேச்சு எழுந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜூலையில், பங்கு 41 ரூபாயைத் தொட்டது. இப்போது எல்லோரும் அவரைத் தீர்க்கதரிசி என்றார்கள். 2024-ல் அதே பங்கு 250 ரூபாயைத் தாண்டியது. தீர்க்கதரிசி என்ற பட்டத்தை யாரும் பேசவில்லை.

41 என்பது எதன் மதிப்பு என்று பார்க்க வேண்டும். இந்தியர்கள் உணவகத்திலிருந்து வாங்கி உண்பது சீனர்களையும் அமெரிக்கர்களையும்விடக் குறைவு. அது படிப்படியாகக் கூடும். இரண்டு நிறுவனங்கள் அந்தச் சந்தையைப் பங்கிட்டுக்கொள்ளும். இந்தக் கதையின் மதிப்பு அது. 2022-ல் சொமேட்டோ பிளிங்கிட்டை வாங்கி, மளிகைப் பொருள்களைப் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வணிகத்தில் இறங்கியது. பின்னாள் விலையேற்றத்தில் அந்த வணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2021-ன் கதையில் அந்தப் பாத்திரமே இல்லை. ஆகவே 2022-ல் 41-ஐத் தொட்டது அவர் வெற்றியும் அல்ல, 2024-ல் 250-ஐத் தாண்டியது அவர் தோல்வியும் அல்ல.

சொமேட்டோவுக்கு நான்கு மாதம் கழித்துப் பேடிஎம் வந்தது. அதன் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் பங்கு ஒன்று 2,150 ரூபாய் என வெளியிட்டு, 18,300 கோடி ரூபாய் திரட்டியது. அன்றுவரை இந்தியாவின் மிகப்பெரிய பங்கு வெளியீடு அது. அதே முறையில், அதே கையால், தாமோதரன் கணக்கிட்ட மதிப்பு ஏறத்தாழ 2,190 ரூபாய். வெளியீட்டு விலைக்குச் சற்று மேலே. நவம்பர் 18 அன்று சந்தையில் முதல் நாளிலேயே பங்கு 27 சதவீதம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் 500 ரூபாய்க்கும் கீழே போயிற்று.

சொமேட்டோவின் 41-ஐச் செய்தித்தாள்கள் நினைவில் வைத்துக்கொண்டன. பேடிஎம்மின் 2,190-ஐ மறந்துவிட்டன. தாமோதரனை மதிப்பிட விரும்புபவர் இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். பேடிஎம்மின் கதையில் அவர் கண்ட வலு பயனர்களின் எண்ணிக்கை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள், அவர்களிடமிருந்து கிடைக்கும் வருவாய் குறைவு, அது நாளடைவில் கூடும் என்று கொண்டார். ஆனால் இந்தியாவில் யூபிஐ வழியாக ஒரு டீக்கடைக்காரருக்குப் பணம் அனுப்பக் கட்டணமே இல்லை. எத்தனை கோடிப்பேர் பயன்படுத்தினாலும் பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் காய்கறி விற்பவருக்குத் தெரிந்த இந்த உண்மைக்கு நியூயார்க் கணக்குத்தாளில் உரிய எடை கிடைக்கவில்லை. சிற்பக்கூடத்தில் 'அண்ணன் வரமாட்டார்' என்ற செய்தியை எந்தக் கணக்காளரும் கொண்டுவர முடியாதது போலத்தான் இதுவும்.

2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தபடி முதன்முதலாகப் பங்கு வாங்கியவர்களும் அதில் உண்டு. சொமேட்டோவுக்கும் பேடிஎம்முக்கும் விண்ணப்பித்தவர்களில் அவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தாமோதரன் ஓர் எண்ணாக வந்து சேர்ந்தாரே தவிர, கணக்குத்தாளாக வந்து சேரவில்லை. இழப்பு அங்கே நேர்ந்தது.

விமர்சனங்கள்

தாமோதரனின் முறை மீது வைக்கப்படும் முதல் விமர்சனம் அதன் போலித் துல்லியம். பத்தாண்டு கழித்து ஒரு நிறுவனத்தின் லாப விகிதம் என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரியாத பத்து எண்களைப் பெருக்கி வகுத்து 41 என்று ஒரு விடை சொல்வது நகைப்புக்குரியது என்கிறார்கள். இதற்கு அவரிடம் பதில் உண்டு. பல மதிப்பீடுகளில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான முறை கணக்கை ஓட்டி, மதிப்பு எங்கிருந்து எங்குவரை பரவிக் கிடக்கும் என்ற வரைபடத்தைத் தருகிறார். ஆனால் வரைபடம் தலைப்புச் செய்தியாவதில்லை. ஒற்றை எண்ணையும் அவரே தருகிறார் என்பதால் இந்தப் பழியில் அவருக்கும் பங்குண்டு.

இரண்டாவது, கதையின் பெயரால் எதையும் நியாயப்படுத்தலாம் என்பது. நடக்கக்கூடியதா, நம்பக்கூடியதா, நடப்பதற்கு வாய்ப்பு அதிகமா என்று மூன்று படிகளில் கதையைச் சோதிக்கச் சொல்கிறார். சோதனை நல்லது. ஆனால் பேடிஎம்மின் கதையும் இந்தச் சோதனையைத் தாண்டி வந்ததே. சோதிப்பவர் சம்பந்தப்பட்ட ஊரையும் தொழிலையும் அறிந்தவராக இருந்தால்தான் மூன்றாவது படிக்குப் பொருள் உண்டு.

மூன்றாவது விமர்சனம் இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டியது. ஒரு நாட்டில் தொழில் செய்வதன் இடரை அளக்கத் தாமோதரன் மூடிஸ் போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் அந்த நாட்டு அரசுக் கடனுக்குத் தரும் தரத்தை அடிப்படையாகக் கொள்கிறார். 2020 ஜூன் முதல் மூடிஸ் இந்தியாவுக்குத் தந்திருந்த தரம் முதலீட்டுக்கு உகந்தவற்றில் கடைசிப் படி. இத்தரங்கள் வளரும் நாடுகளுக்குப் பாதகமானவை என்று இந்திய அரசே பலமுறை சொல்லியிருக்கிறது. அமெரிக்க நிறுவனம் ஒன்று தரும் தரம், சென்னையிலோ கோவையிலோ உள்ள தொழிற்சாலையின் மதிப்பிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்று பார்க்காமல் வருவாய் எந்த நாடுகளிலிருந்து வருகிறது என்று பார்த்து இடரைப் பிரித்துப் போடுகிறார் என்பது அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியது. அளவுகோலின் குறை அதனால் நீங்கிவிடுவதில்லை.

சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு நிறுவனங்களைத் தரம்பிரிக்கும் போக்கைத் தாமோதரன் வெளிப்படையாகச் சாடிவருகிறார். அந்த மதிப்பெண்களால் ஆதாயம் அடைபவர்கள் ஆலோசகர்கள்தான் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. என்றாலும், கல்குவாரி ஒன்றின் மதிப்பை அவர் முறையில் கணக்கிட்டால் உடைபட்ட மலை எந்த வரியிலும் செலவாக வராது, சட்டம் அபராதம் விதித்தாலொழிய. குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது ஏட்டளவிலான குறை அல்ல.

விடையா, வழிமுறையா

ஒரு மதிப்பீட்டை அது பலித்ததா என்பதை வைத்துத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி இந்தியாவில் வரி வழக்காகவே வந்தது. புதிதாகத் தொடங்கும் நிறுவனங்கள் நியாயமான மதிப்புக்கு மேல் பங்கு விற்றால், கூடுதல் தொகைக்கு வரி விதிக்கும் சட்டம் 2012-ல் வந்தது. ஏஞ்சல் வரி என்று அதைச் சொல்வார்கள். எதிர்கால வரவைக் கணக்கிட்டு மதிப்பைக் காட்டச் சட்டம் அனுமதித்தது. சில ஆண்டுகள் கழித்து வரி அதிகாரிகள், நீங்கள் சொன்ன வருவாய் வரவில்லையே, ஆகவே உங்கள் மதிப்பீடு பொய் என்று வரி கேட்டார்கள். கணக்கிட்ட நாளில் தெரிந்தவற்றை வைத்தே மதிப்பீட்டைப் பார்க்க வேண்டும், பின்னால் நடந்ததை வைத்து அல்ல என்று தீர்ப்பாயங்கள் சொல்லின. 2024-ல் அந்த வரியே நீக்கப்பட்டது.

பள்ளித் தேர்வில் கணக்கு விடைத்தாளைத் திருத்துபவர்களுக்கு இது பழகிய நெறி. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் இல்லை. வழிமுறை சரியாக இருந்து ஓர் இடத்தில் சறுக்கியவனுக்குப் பெரும்பகுதி மதிப்பெண் உண்டு. தாமோதரனின் விடைத்தாளில் வழிமுறை ஒவ்வொரு வரியாக இருக்கிறது. 2000-ன் தொடக்கத்தில் அமேசான் பங்கு 84 டாலரில் இருந்தபோது அதன் மதிப்பு ஏறத்தாழ 35 டாலர் என்று எழுதினார். மறு ஆண்டே பங்கு 10 டாலருக்கும் கீழே போயிற்று. பின்னர் அவர் எண்ணிப்பார்க்காத உயரத்துக்கும் போயிற்று. டெஸ்லா பங்கைத் தன் சொந்தப் பணத்தில் 2019-ல் 180 டாலருக்கு வாங்கி, 2020 ஜனவரியில் 640 டாலருக்கு விற்றார். விற்ற பிறகு அது மேலும் பல மடங்கு ஏறியது. வாங்கியதையும் விற்றதையும் அப்போதைக்கப்போதே எழுதிவைத்தார். சறுக்கிய இடங்களை மற்றவர்கள் கண்டுபிடிக்க முடிவது அவர் அவற்றை மறைக்காததால்தான்.

ஆகவே பங்கு வாங்க ஆலோசனை தேடுபவருக்குத் தாமோதரன் நம்பத்தகுந்த வழிகாட்டி அல்லர். அவர் எண்ணைக் கேட்டு வாங்குவதும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு வாங்குவதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு நிறுவனத்தைப் பற்றி எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று கற்க விரும்புபவருக்கு அவரைவிடச் சிறந்த ஆசிரியர் இன்று இத்துறையில் இல்லை. அவரது நூல்களில் 'இன்வெஸ்ட்மென்ட் வேல்யுவேஷன்' விரிவானது, ஆனால் தொடக்கநிலை மாணவரை அயர்த்திவிடும். 2011-ல் வெளிவந்த 'தி லிட்டில் புக் ஆஃப் வேல்யுவேஷன்' அளவில் சிறியது. முதலில் படிக்க ஏற்றது அதுவே. 2024-ல் வெளிவந்த 'தி கார்ப்பரேட் லைஃப் சைக்கிள்' நிறுவனங்களை மனித வாழ்வின் பருவங்களோடு ஒப்பிட்டு, முதுமையடைந்த நிறுவனம் இளமை வேடம் போடுவதால் வரும் கேடுகளைப் பேசுகிறது. சில அதிகாரங்களில் ஒப்புமை இழுபடுகிறது.

வணிகவியல் மாணவர்கள் அவர் நூல்களை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. வகுப்புகளின் காணொளிகளும் எக்செல் கணக்குத்தாள்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் உலகெங்குமுள்ள பல்லாயிரம் நிறுவனங்களின் லாப விகிதம், கடன் அளவு, முதலின் செலவு ஆகியவற்றைத் தொழில்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறார். இந்திய நிறுவனங்களுக்கு அதில் தனிக் கோப்பு உண்டு.